நகத்தளவு பென் டிரைவ்: வரவு எது, செலவு எது?

கோப்புகளைச் சுமக்கும் ஒரு கருவி எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? 2000ஆம் ஆண்டில் இதற்கு எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது: முடிந்த அளவு சிறியதாக. மாணவர் பையில் அன்றிருந்தது 1.44 எம்பி மட்டுமே கொள்ளும் ஃபிளாப்பி. அதைவிடச் சிறிய ஒன்று அதைவிட அதிகம் கொள்ளும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? இன்று அந்தக் கருவி விரல்நகம் அளவுக்கு இறங்கிவிட்டது. பதில்களோ பலவாகப் பிரிந்துவிட்டன. பொறியாளர் ஒன்று சொல்கிறார், தரவு மீட்பவர் இன்னொன்று சொல்கிறார், காரில் பாட்டுக் கேட்பவர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்.

இந்தப் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்க மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள டெங்கில் தோதான இடம். சிப்பாங் மாவட்டத்தின் டெங்கில் முக்கிமில், பழைய தோட்ட நிலங்களின் மேல் 1997இல் தொடங்கப்பட்ட சைபர்ஜெயாவில் தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. கோப்பை யாரும் கையில் தூக்கிச் செல்லத் தேவையில்லை என்பது அந்தக் கட்டடங்கள் தரும் வாக்குறுதி. சில கிலோமீட்டர் தள்ளி, டெங்கில் பட்டணத்தை ஒட்டிய யூஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களுக்கும், அக்கம்பக்கத்து ஃபோட்டோஸ்டேட் கடைகளுக்கும், சிறு தொழில் அலுவலகங்களுக்கும் பென் டிரைவ் இன்னும் அன்றாடப் பொருள்தான்.

## பிறப்புக்கு உரிமை கோருவோர்

பென் டிரைவை யார் கண்டுபிடித்தார் என்ற வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதன் 8 எம்பி கருவியை 2000ஆம் ஆண்டு இறுதியில் ஐபிஎம் விற்கத் தொடங்கியது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் அதே 2000இல் ஜெர்மனியின் செபிட் கண்காட்சியில் தன் தம்ப் டிரைவை அறிமுகப்படுத்தியது. சீனாவின் நெட்டாக் நிறுவனமும் உரிமை கோருகிறது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வென்ற டிரெக், பிரிட்டனில் தோற்றது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள் இந்தப் பட்டியலில் நாலாவதாக ஒரு பெயரைச் சேர்ப்பார்கள். புவா கெய்ன் செங், செகிஞ்சானில் பிறந்து, கிள்ளான் பின் ஹுவா பள்ளியில் படித்து, தைவானுக்குப் போனவர். 2000இல் அங்கே நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘பென் டிரைவின் தந்தை’ என்று மலேசிய ஊடகங்கள் அவரை அழைப்பதுண்டு. அந்தப் பட்டம் சற்று மிகை. ஃபைசனின் உண்மையான பங்கு வேறிடத்தில் இருக்கிறது. கணினியோடு பேசும் வேலையையும் நினைவகத்தை நிர்வகிக்கும் வேலையையும் ஒரே சில்லில் அடக்கிய கட்டுப்படுத்தியை அது 2001இல் கொண்டுவந்தது. முதல் பென் டிரைவ் யாருடையது என்பதைவிட, அது ஏன் இவ்வளவு சிறியதாயிற்று என்று கேட்டால் புவாவின் பெயருக்கு வலு கூடுகிறது. கட்டுப்படுத்தி ஒற்றைச் சில்லாகாமல் நகத்தளவுக் கருவி வந்திருக்காது.

## சிறியதே சிறந்தது என்ற கட்சி

யூஎஸ்பி ஏ வகைச் செருகியின் உலோக உறை 12 மி.மீ. அகலமும் 4.5 மி.மீ. உயரமும் கொண்டது. உள்ளே தொடுமுனைகள் பதித்த தகட்டைத் தவிர மிச்சமெல்லாம் வெற்றிடம். தொடக்க காலப் பென் டிரைவில் நினைவகச் சில்லும் கட்டுப்படுத்தியும் செருகிக்குப் பின்னால் தனி அட்டையில் உட்கார்ந்திருந்தன. நினைவகம், கட்டுப்படுத்தி, துணைப் பாகங்கள் அனைத்தையும் ஒரே பிசின் வார்ப்பில் அடக்கும் முறை பரவியபின், அந்தத் தகடே பென் டிரைவ் ஆகிவிட்டது. வெளியே பிடித்து இழுக்க ஒரு நுனி இருந்தால் போதும். 

எம்-சிஸ்டம்ஸை 2006இல் வாங்கிய சான்டிஸ்க் நிறுவனம் ‘ஃபிட்’ என்ற வரிசையால் இந்த வடிவத்தைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2018இல் அதன் கொள்ளளவு 256 ஜிபியைத் தொட்டது. சாம்சுங்கின் ஃபிட் பிளஸ் 23.7 மி.மீ. நீளம், எடை 3 கிராம் சொச்சம். செருகினால் அதில் ஏறக்குறைய பாதி துளைக்குள் மறைந்துவிடும்.

இக்கட்சியின் வாதங்களில் வலுவானது இயந்திரவியல் சார்ந்தது. நீண்ட பென் டிரைவ் மடிக்கணினியின் பக்கவாட்டில் நெம்புகோல் போல நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கை பட்டாலோ பையில் அழுந்தினாலோ செருகி வளையும், சில வேளைகளில் கணினியின் துளையே பெயரும். நகத்தளவுக் கருவியில் நெம்ப நீளம் இல்லை. மேலும், ஏ வகைச் செருகிக்கு 1,500 முறை செருகி எடுக்கும் ஆயுளையே அடிப்படைத் தரவிதி கேட்கிறது. ஒருமுறை செருகி அப்படியே விட்டுவிடுகிற கருவிக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது வாதம் பயன்பாடு சார்ந்தது. 32 அல்லது 64 ஜிபி சேமிப்போடு வந்த மலிவு மடிக்கணினிக்கு நிரந்தரக் கூடுதல் இடம், காரின் ஒலிப்பெட்டிக்குப் பாட்டுக் களஞ்சியம், தொலைக்காட்சிக்குப் படத் தொகுப்பு, வீட்டு ரௌட்டருக்குச் சிறு கோப்பகம். இவை எல்லாவற்றிலும் கருவி இடம் பெயர்வதில்லை. டெங்கிலிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வண்டியோட்டுபவரின் கார் முகப்பில் பழைய இளையராஜா பாடல்கள் நிறைந்த ஒரு கறுப்புப் பொட்டு ஆண்டுக்கணக்கில் குந்தியிருப்பது இவ்வட்டாரத்தில் சாதாரணக் காட்சி. அங்கே நீளமான பென் டிரைவ் இருந்தால் கியர் மாற்றும் கை இடிக்கும்.

பலவீனம் என்னவென்றால், இந்த வாதங்கள் ஒரே இடத்தில் தங்கிவிடும் கருவிக்கு மட்டுமே செல்லும். விளம்பரங்களோ ‘எங்கும் எடுத்துச் செல்லலாம்’ என்றே விற்கின்றன. எடுத்துச் செல்வதற்கு இவ்வளவு சிறியது தேவையா என்ற கேள்வியை இக்கட்சி பெரும்பாலும் தொடுவதில்லை.

## சூடு பற்றிய சர்ச்சை

பயனர்கள் மிக அதிகம் முறையிடுவது சூட்டைப் பற்றித்தான். யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை, அதாவது 2.5 வாட் தரலாம்; யூஎஸ்பி 3.0 துளை 4.5 வாட் வரை தரும். பென் டிரைவ் இதை முழுதாக இழுப்பதில்லை. ஆனாலும் இழுக்கும் சக்தி எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். பெரிய கருவியில் அதற்குப் பரப்பு உண்டு. நகத்தளவுக் கருவியில் பாதி உடல் ஏற்கெனவே சூடாக இருக்கும் கணினிக்குள் புதைந்திருக்கிறது. வெளியே இருப்பது சில சதுர சென்டிமீட்டர் மட்டும், அதுவும் பல வேளைகளில் பிளாஸ்டிக்.

தயாரிப்பாளர் தரப்பின் வழக்கமான பதில், சூடாவது இயல்பு, தொட்டால் சுடுவதனால் பழுதென்று பொருளில்லை என்பது. அதில் பாதி உண்மை. சில்லின் வெப்பம் எல்லை மீறும்போது கட்டுப்படுத்தி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைப்பதுண்டு. பெரிய கோப்பை எழுதத் தொடங்கும்போது பாய்ந்த வேகம் பாதியில் தவழ்வதற்கு இது ஒரு காரணம். வேகமாக எழுத ஒதுக்கிய இடைநினைவு நிரம்பிப்போவது இன்னொரு காரணம். வெளியிலிருந்து பார்ப்பவரால் இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. அதனால்தான் ‘சூட்டால் மெதுவாகிறது’ என்ற பயனர் முறையீடுகளை அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் தயக்கம் வேண்டும்.

ஆனால் ‘இயல்பு’ என்ற சொல் எந்தத் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வகைக் கருவிகளில் பலவற்றுக்கு இயங்கு வெப்ப வரம்பு 0 முதல் 60 பாகை செல்சியஸ் எனக் குறிக்கப்படுகிறது. சிலவற்றுக்கு மேல்வரம்பு இன்னும் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நண்பகல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் 50 பாகையைத் தாண்டுவது புதிதல்ல. முகப்புப் பலகை அதற்கும் மேலே போகும். கருவி வேலையைத் தொடங்கும் முன்பே வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

இங்கேதான் இவ்வடிவத்தின் அடிப்படை முரண் இருக்கிறது. சிறிய உடல் பொருந்துவது துளையைவிட்டு அகலாத வேலைக்கு. துளையைவிட்டு அகலாத கருவிதான் இடைவிடாமல் மின்சாரம் பெற்று, ஆறுவதற்கு நேரமின்றிச் சூட்டில் கிடக்கிறது. எதற்காகச் செய்யப்பட்டதோ அதே வேலையில்தான் அதன் பலவீனமும் பெரிதாகிறது. முரணை ஓரளவு தணிப்பது எழுதுதலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள வேறுபாடு. பாட்டுக் கேட்பது பெரும்பாலும் வாசிப்பு. அதன் தரவோட்டம் மிகக் குறைவு, நினைவகத்துக்குத் தேய்மானமும் சொற்பம். கண்காணிப்புக் கேமராப் பதிவை இரவும் பகலும் எழுதுவதோ, கணினியின் இயங்குதளத்தையே அதில் நிறுவி ஓட்டுவதோ வேறு கதை. இன்றைய மலிவு நினைவகத்தில் ஒவ்வொரு கலமும் தாங்கும் எழுத்துச் சுற்றுகள் சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான். தொடக்க கால ஒற்றைப் பிட்டு நினைவகத்தில் அது இலட்சத்தை ஒட்டியிருந்தது.

தொழில்துறை இதில் தன் முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டது எனலாம். சர்வர்களைச் சிறு யூஎஸ்பி கருவியிலிருந்தோ எஸ்டி அட்டையிலிருந்தோ தொடங்குவது ஒருகாலத்தில் தரவு மையங்களில் சகஜம். தன் மெய்நிகர்ச் சர்வர் மென்பொருளின் ஏழாம் பதிப்புக் காலத்தில், 2021இல், இவற்றை மட்டுமே நம்பித் தொடங்கும் முறையைக் கைவிடப்போவதாக விஎம்வேர் அறிவித்தது. தொடர்ந்து எழுதும் சுமையை இவை தாங்கவில்லை என்பதே காரணம்.

வெப்பத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று அலைக்குறுக்கீடு. யூஎஸ்பி 3.0 இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதை இன்டெல் 2012 வெளியீடு ஒன்றில் விளக்கியது. கம்பியில்லா மௌசின் ஏற்பியும் நகத்தளவு டிரைவும் அடுத்தடுத்த துளைகளில் இருக்க, சுட்டி திரையில் தடுமாறுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

## தொலைந்து போதல்

சிறியது தொலையும் என்பது யாரும் மறுக்காத எதிர்வாதம். சர்ச்சை அதன் விளைவைப் பற்றியது. இவ்வடிவில் பலவற்றுக்குக் கயிறு கோக்க இடமே இல்லை. இருப்பவற்றிலும் துளை ஊசிக்காது அளவுதான். சட்டைப்பையில் மறந்தால் சலவை இயந்திரத்துக்குள் போகும். கடைக்காரர் கணினியில் செருகி அச்செடுத்த மாணவர், துளையில் ஏதும் நீட்டிக்கொண்டிருக்காததால் அப்படியே விட்டுப் போவார். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது விழுங்கக்கூடிய பொருள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தொலைந்தவற்றின் வரலாறு நீளமானது. 2017இல் ஹீத்ரோ விமான நிலையத்தின் பாதுகாப்புக் கோப்புகள் அடங்கிய ஒரு பென் டிரைவ் லண்டன் தெருவில் கிடந்தது. விமான நிலைய நிறுவனத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம். 2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரவாசிகள் ஏறக்குறைய 4,60,000 பேரின் விவரங்களைச் சுமந்த கருவியை, குடித்துவிட்டு உறங்கிப்போன ஒப்பந்தப் பணியாளர் தொலைத்தார். பிறகு அது கிடைத்தது. இரண்டிலும் குற்றம் கருவியின் அளவினுடையதன்று. கோப்புகளைக் கொண்டுபோக விட்ட நடைமுறையே முதற்காரணம், ஹீத்ரோ கருவிக்குக் குறியாக்கமும் இல்லை. அளவு அந்தத் தவறு நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு மேல் சொல்வது கடினம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவுகளைப் போட்டுவைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. 98 விழுக்காடு எடுக்கப்பட்டன. குறைந்தது 45 விழுக்காட்டில் கோப்புகள் திறக்கப்பட்டன. இது வழக்கமான அளவுக் கருவிகளைக் கொண்டு நடந்தது. நகத்தளவுக் கருவியாக இருந்திருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். கண்ணில் பட்டால்தானே எடுப்பார்கள்.

மலேசியாவில் இந்தக் கேள்விக்கு இப்போது சட்ட முகம் வந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024இல் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல், தரவு மீறல் நேர்ந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சமாக உயர்ந்தது. வாடிக்கையாளர் பட்டியலோடு தொலைந்த ஒரு பென் டிரைவ் சிறு கணக்காளர் அலுவலகத்துக்கும் இவ்விதியின் கீழ் தலைவலியாகலாம். அரசாங்கங்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பது தனி விவாதம்.

குறியாக்கம் இதற்கு மருந்து என்பார்கள். விண்டோஸில் அதற்கான வசதி 2009 முதலே இருக்கிறது. சிக்கல், குறியாக்கிய கருவியைக் காரின் ஒலிப்பெட்டியோ தொலைக்காட்சியோ கடைக்கணினியோ எளிதில் வாசிக்காது. எண்பொத்தான்களோடு தானே பூட்டிக்கொள்ளும் கருவிகளுக்கு உடல் பெரிதாகியே தீர வேண்டும்.

## மீட்பவரின் பார்வை

கெட்ட கருவியிலிருந்து தரவை மீட்பவர்கள் முன்வைக்கும் வாதம் பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. என் மதிப்பில் மிகவும் கனமானது இதுதான்.

பழைய வடிவப் பென் டிரைவ் கெட்டால், பெரும்பாலும் செருகியின் பற்றாசு விட்டிருக்கும், அல்லது கட்டுப்படுத்தி போயிருக்கும். நினைவகச் சில்லு 48 கால்களோடு தனியாக அட்டையில் இருக்கும். அதைக் கழற்றி வாசிப்புக் கருவியில் வைத்து, சிதறிய தரவை ஒழுங்குபடுத்துவது அறிந்த வேலை. ஒற்றை வார்ப்பில் அமைந்த நகத்தளவுக் கருவியில் கழற்ற எதுவுமில்லை. மேற்பூச்சைக் கவனமாகச் சுரண்டி, தொழிற்சாலையில் சோதனைக்காக விட்ட நுண்ணிய செப்புப் புள்ளிகளைத் தேடி, முடியளவு கம்பிகளை ஒவ்வொன்றாக நுண்நோக்கியின் கீழ் பற்றவைக்க வேண்டும். எந்தப் புள்ளி எதற்கு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். வரைபடம் கிடைக்காத மாதிரியாக இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். கிடைத்தாலும் கூலி கருவியின் விலையைப் போலப் பல மடங்கு.

எதிர்த்தரப்பு சொல்வது: ஒற்றை வார்ப்பு நீரையும் தூசியையும் அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்கும், பற்றாசு விடுவதற்கே இடமில்லை, ஆகவே கெடும் வாய்ப்பு குறைவு. இதுவும் உண்மையே. சலவை இயந்திரத்திலிருந்து உயிரோடு வெளிவருவதில் இவ்வடிவத்துக்குப் பழையதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. எளிதில் கெடாதது, கெட்டால் எளிதில் மீளாதது: இரண்டையும் ஒரே தராசில் வைக்க நம்பகமான பழுது விகிதங்கள் பொதுவெளிக்கு வருவதில்லை.

## தொற்றும் நம்பிக்கையும்

யூஎஸ்பி வழிப் பரவிய நச்சுநிரல்களை நகத்தளவுக் கருவியின் கணக்கில் எழுதுவோரும் உண்டு. இது பெருமளவு தவறான வரவு. 2008-09இல் கான்ஃபிக்கரும் 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டும் கருவியின் அளவைப் பார்த்துப் பரவவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008இல் பென் டிரைவுகளைத் தடைசெய்ததும், ஐபிஎம் 2018இல் தன் ஊழியர்களுக்குத் தடை விதித்ததும் எல்லா அளவுக்கும் பொருந்தும்.

2014இல் லாஸ் வேகஸில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் காட்டிய ‘பேட் யூஎஸ்பி’ தாக்குதல் இன்னும் ஆழமானது. கட்டுப்படுத்தியின் உள்நிரலையே மாற்றி, பென் டிரைவைக் கணினிக்கு விசைப்பலகையாகக் காட்டலாம் என்று அவர்கள் நிறுவினர். சில வாரங்களில் வேறிரு ஆய்வாளர்கள் அதற்கான நிரலை வெளியிட்டனர். எடுத்துக்காட்டாகப் பயன்பட்டது ஃபைசனின் கட்டுப்படுத்தி. பரவலாகப் புழங்குவதால் அது தேர்வானது. குறை தொழில் முழுவதற்கும் உரியது. பென் டிரைவைச் சிறிதாக்கிய அதே ஒற்றைச் சில்லுதான் அதன் நம்பிக்கைக்கும் ஒற்றைப் புள்ளி ஆனது.

அளவு இங்கே ஒரே ஒரு வழியில் நுழைகிறது. மேசைக்கணினியின் பின்துளையில் செருகிய நகத்தளவுக் கருவியை, மௌசின் ஏற்பியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். அலுவலகங்களின் கவலை நியாயமானது, ஆனால் அதற்கான தீர்வு துளைகளைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது.

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கருவிகளும் எல்லா அளவிலும் வருகின்றன. முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வாங்கிய அன்றே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

## தேவையே இல்லை என்ற கட்சி

மேகச் சேமிப்பு வந்தபின் பென் டிரைவே தேவையற்றது என்போர் சைபர்ஜெயாவின் தரவு மையங்களைச் சுட்டிக்காட்டலாம். நல்ல இணையமும், மாதச் சந்தாவும், எப்போதும் நினைவில் நிற்கும் கடவுச்சொல்லும் உள்ளவருக்கு இது சரி. காரின் ஒலிப்பெட்டிக்கும், பழைய தொலைக்காட்சிக்கும், தன் மின்னஞ்சலைப் பொதுக்கணினியில் திறக்கத் தயங்கும் மாணவருக்கும் சரியாகாது. இக்கட்சி பென் டிரைவின் சந்தையைச் சுருக்கியிருக்கிறது, ஒழிக்கவில்லை.

## இன்னும் திறந்திருப்பவை

இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், ஒரே இடத்தில் தங்கி, அதிகம் வாசிக்கப்பட்டு, வேறெங்கோ நகல் உள்ள கோப்புகளுக்கு நகத்தளவு வடிவம் நல்ல தேர்வு. கைமாறும் கோப்புகளுக்கும், ஒரே பிரதியாக உள்ள எதற்கும், இடைவிடாமல் எழுதும் வேலைக்கும் வழக்கமான அளவே மேல். இதற்குமேல் உறுதியாகப் பேசத் தடையாக இருப்பது தரவின்மை. கணினிக்குள் பொருத்தும் எஸ்எஸ்டிகளுக்கு எவ்வளவு எழுதலாம் என்று அச்சிடும் நிறுவனங்கள், பென் டிரைவுகளுக்குப் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. உறைக்குள் எவ்வகை நினைவகம் இருக்கிறது என்பதையும் பொதுவாகச் சொல்வதில்லை. ஒரே மாதிரிப் பெயரில் காலப்போக்கில் உட்பாகம் மாறுவதும் உண்டு. நம் வெயிலில் நிற்கும் காரில் ஐந்தாண்டு கிடந்த கருவியின் தரவு எந்த அளவுக்கு நிலைக்கும் என்பதற்கு, இந்த நாட்டுச் சூழலுக்கான வெளியிடப்பட்ட அளவீடு தேவைப்படுகிறது.

துளையும் மாறிவருகிறது. நகத்தளவு வடிவம் பிறந்ததே ஏ வகைச் செருகியின் உள்வெற்றிடத்தில்தான். சி வகைச் செருகி சுமார் 8.3 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. உயரம், அதனுள் சில்லுகளை ஒளிக்க இடமில்லை. சி வகையில் வரும் சிறு கருவிகளில் நினைவகம் மீண்டும் துளைக்கு வெளியே வந்து உட்காருகிறது. வெளியே வந்த உடலுக்குக் காற்றுப்படும், விரலுக்குப் பிடி கிடைக்கும். கூடவே நெம்புகோலும் சிறிதளவு திரும்பி வருகிறது. பத்தாண்டாகச் சேர்ந்த வாதங்களில் எவையெல்லாம் புதிய வடிவத்துக்கும் செல்லும் என்பது, ஏ வகைத் துளையோடு ஓடிக்கொண்டிருக்கும் கார்களும் கடைக்கணினிகளும் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன என்பதைப் பொறுத்தது.